பை போகுது, கணக்கு வரலையே

போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதுல இருந்து எனக்கு ஒரே எரிச்சல். இன்னும் தணியல. அதான் எழுத உக்காந்துட்டேன்.

அன்னைக்கு உக்கிராணத்துவ ஞாயிறு. பணத்தைப் பத்திப் பேசுற நாள்னு சபைக்கே தெரியும். அதனால கூட்டம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். (சொந்தக்காரங்க வீட்டுப் பால்காய்ப்பு எல்லாம் எப்படித்தான் கரெக்டா அந்த ஞாயித்துக்கிழமையே வருதோ!)

வெளியூர்ப் பிரசங்கியார். மல்கியா மூணாம் அதிகாரம். வேற எதை எடுக்கப் போறார்? கல்யாணம்னா கானாவூர், காணிக்கைன்னா மல்கியா. அது நம்ம பக்கத்து வழக்கம்.

முதல் பத்து நிமிஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் மனுஷன் குரலை உயர்த்தினார். தசமபாகம் குடுக்காதவங்ககிட்ட இருந்து ஆண்டவர் அந்தப் பணத்தை ஆஸ்பத்திரி பில் வழியா எடுத்துக்கிடுவாராம்.

எனக்கு முன்னால ரெண்டு பெஞ்சு தள்ளி ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். அந்தச் செலவுலயும் மாசாமாசம் சங்கம் கட்டுறவங்க. பிரசங்கியாருக்கு அது தெரியாது. தெரியாததுதான் பிரச்சனையே. முன்னால உக்காந்திருக்கிற இருநூறு பேர்ல யார் வீட்டுல யாரு படுத்திருக்காங்கன்னு தெரியாம இப்படி ஒண்ணைத் தூக்கிப் போடலாமா?

ஆண்டவர் என்ன வட்டிக்கடையா வச்சிருக்கார்?

(சங்கம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. சபைகள்ல குடும்பம் குடும்பமா கட்டுற சந்தாவுக்கு அதுதான் பேரு. பாக்கி வச்சா கமிட்டி எலெக்‌ஷன்ல ஓட்டு கிடையாது. கல்யாண ஓலை வாசிக்கணும்னு போய் நின்னாலும், முதல்ல பாக்கியைத் தீருங்கன்னு நோட்டைத் திறப்பாங்க. ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.)

ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன். நான் காணிக்கைக்கு எதிரி இல்ல. ஒரு காலம் சபைக் கமிட்டியில இருந்திருக்கேன். காணிக்கை எண்ணுற மேஜையில உக்காந்திருக்கேன். கரண்ட் பில்லு, உபதேசியார் சம்பளம், கோயில்குட்டி (கோயில் வேலை பார்க்கிறவர்) சம்பளம், திருமண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு, மழைக்கு ஒழுகுற ஓடு... இதெல்லாம் வானத்துல இருந்து மன்னாவா விழாதுன்னு எனக்குத் தெரியும். குடுக்கத்தான் வேணும். நல்லா குடுக்கணும்.

ஆனா எனக்கு ஒரு கேள்வி. உக்கிராணத்துவம்னு சொல்லிட்டு ஏன் எப்பப் பார்த்தாலும் பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்களை மட்டும் பார்த்தே பேசுறீங்க?

உக்கிராணக்காரன் யாரு? அடுத்தவன் சொத்தைக் கையில வச்சு நடத்துறவன். லூக்கா 16-ல வர்ற எஜமான் அவனைக் கூப்பிட்டு முதல்ல கேட்டது என்ன? கணக்கு! எவ்வளவு குடுத்தேன்னு கேக்கல, என் சொத்தை என்ன செஞ்சேன்னு கேட்டார். அப்படிப் பார்த்தா சபையில முதல் உக்கிராணக்காரங்க பையில காசு போடுறவங்க இல்ல, பையை வாங்கி உள்ள கொண்டு போறவங்க. கமிட்டி. சேகரம் (பல சபை சேர்ந்தது). அதுக்கும் மேல இருக்கிறவங்க. நானும் அந்த மேஜையில உக்காந்தவதான், எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

மல்கியாவை எடுக்கிறவங்க நெகேமியா 13-ஐ எடுத்து நான் கேட்டதே இல்ல. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்துக் கதை. பாபிலோன் சிறையிருப்புக்குப் போய்த் திரும்பி வந்து, ஆலயத்தை மறுபடி கட்டி, ஜனங்க கொஞ்சம் சோர்ந்து கிடந்த காலம். மல்கியா சொல்ற பண்டசாலைங்கிறது ஏதோ ஆவிக்குரிய பேங்க் இல்ல. நிஜமான களஞ்சியம். தானியம், திராட்சரசம், எண்ணெய் எல்லாம் அடுக்கி வைக்கிற அறை. லேவியருக்கு நிலபுலன் பங்கு கிடையாது. ஜனங்க கொண்டு வர்ற பத்துல ஒண்ணுதான் அவங்க அடுப்புல உலை வைக்கிறது.

அந்த அறைக்கு என்ன ஆச்சுன்னு நெகேமியா சொல்றார். அவர் கொஞ்ச காலம் ராஜாகிட்டப் போயிட்டுத் திரும்பி வந்து பார்த்தா, தானியம் இருந்த அறையைக் காலி பண்ணி ஒரு ஆளுக்குக் குடியிருக்கக் குடுத்திருக்காங்க. ஆளு யாரு? தொபியா. நெகேமியா எருசலேம் மதில் கட்டும்போது கேலி பேசி இடைஞ்சல் பண்ணினவன். குடுத்தது யாரு? எலியாசிப், ஆலய அறைகளுக்குப் பொறுப்பா இருந்த ஆசாரியர். ஏன் குடுத்தார்? சம்பந்தம் கலந்த வழி!

இதைப் படிச்சிட்டு நான் சத்தமாச் சிரிச்சேன். ரெண்டாயிரத்து நானூறு வருஷம் ஓடிப் போச்சு, நம்ம கமிட்டிக் கதை மாறவே இல்லையே.

நெகேமியா பிரசங்கம் பண்ணல. தொபியாவோட தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் தூக்கி வெளிய எறிஞ்சார். அறையைச் சுத்தம் பண்ணச் சொன்னார். பங்கு வராததால லேவியர் அவங்கவங்க வயலுக்கு ஓடிப் போயிருந்தாங்க, அவங்களைத் திரும்பக் கூட்டி வந்தார். அப்புறம்தான் ஜனங்க மறுபடி தானியத்தைக் கொண்டு வந்தாங்க. கடைசியா அந்த அறைக்கு நாலு பேரைப் போட்டார். ஒரு ஆசாரியர், ஒரு வேதபாரகர், ஒரு லேவியர், கூட கைத்துணையா ஒருத்தர். ஏன் அவங்களைன்னா, உண்மையானவங்கன்னு பேரெடுத்தவங்க. அவ்வளவுதான் தகுதி.

இதுல வரிசையைப் பாருங்க. முதல்ல அறையைச் சரி பண்ணினார். தானியம் அப்புறம் வந்துச்சு. நம்மாளுங்க தலைகீழாச் செய்றாங்க.

தசமபாகத்துக்கே வாறேன். பத்து சதவீதம், அதுவும் உள்ளூர் சபைக்கு மட்டும்னு அன்னைக்குப் பிரசங்கியார் அடிச்சுச் சொன்னார். எண்ணாகமம் 18 எடுத்தா தசமபாகம் லேவியருக்கு. சரி. ஆனா உபாகமம் 14 எடுத்துப் பாருங்க, ஆச்சரியமா இருக்கும். விளைஞ்சதுல பத்துல ஒண்ணை ஆலயத்துக்குக் கொண்டு போய், அங்கேயே குடும்பத்தோட உக்காந்து சாப்பிடணும்! தூரம் அதிகம்னா வித்துக் காசாக்கிட்டுப் போய், அங்க ஆடு, மாடு, திராட்சரசம்னு மனசுக்குப் பிடிச்சதை வாங்கிச் சந்தோஷமா சாப்பிடணும். உள்ளூர் லேவியரை மறந்துடக் கூடாது. மூணு வருஷத்துக்கு ஒருக்க அந்தப் பங்கை ஊர் வாசல்லயே வச்சிடணும். லேவியர், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை வந்து திருப்தியா சாப்பிட்டுப் போகணும். இதை எல்லாம் எப்படிப் பொருத்துறதுன்னு யூத ராபிமாரே முதல் தசமபாகம், ரெண்டாம் தசமபாகம், ஏழைகளுக்கான தசமபாகம்னு பிரிச்சு வச்சிருக்காங்க.

இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அசனப் பண்டிகைதான் ஞாபகம் வரும். தெற்கத்திச் சபைகள்ல வளர்ந்தவங்களுக்குச் சொல்லணுமா? ஒருத்தர் ஆடு குடுப்பார், ஒருத்தர் அரிசி மூட்டை, ஒருத்தர் விறகு, ஒண்ணும் இல்லாதவங்க ராத்திரி பூரா உக்காந்து வெங்காயம் உரிப்பாங்க. மறுநாள் பந்தியில யாரு என்ன குடுத்தாங்கன்னு யாரும் பார்க்கிறதில்ல. இலை எல்லாருக்கும் ஒரே நீளம். பக்கத்துத் தெருவுல இருக்கிற வேற மதத்து ஆட்களும் வருவாங்க, தூக்குவாளியில வாங்கிட்டும் போவாங்க. உபாகமம் 14-க்கு இதைவிட நல்ல விளக்கவுரை எந்த வேதாகமக் கல்லூரியிலயும் கிடைக்காதுன்னு நான் நினைக்கிறேன்.

இப்ப எண்ணுற மேஜைக்கு வாங்க.

கமிட்டியில இருந்த காலத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது. ஆராதனை முடிஞ்சதும் வெல்வெட் பைகளைக் கொண்டாந்து மேஜையில கவுப்பாங்க. ரெண்டு பேர் எண்ணணும், மூணாவது ஆள் எழுதணும், எல்லாரும் கையெழுத்துப் போடணும். பொருளாளர் அண்ணாச்சி ஒருத்தர் இருந்தார், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். நோட்டை எல்லாம் ஒரே பக்கம் தலை வர்ற மாதிரி அடுக்கினாத்தான் எண்ணவே விடுவார்.

அந்தப் பையில என்னென்ன வரும்னு நீங்க பார்க்கணும். நாலா மடிச்ச ஐநூறு. செல்லோடேப் ஒட்டின இருபது. கடைக்காரர் வாங்க மாட்டேன்னு சொன்ன பத்து ரூபாய் காயின். (ரிசர்வ் பேங்க் அது செல்லும் செல்லும்னு கத்தினாலும் நம்ம ஊர்ல ரொம்ப நாள் அது கோயில் பையிலதான் செல்லுபடியாச்சு.) எப்பவோ நிறுத்தின நாலணா. ஒரு தடவை சட்டைப் பித்தான். சின்னச் சின்னச் சீட்டுல ஜெபக் குறிப்பு: மகளுக்கு வேலை, மகனுக்குக் குடி நிக்கணும். அதையெல்லாம் எடுத்துச் சபை குரு ஐயா மேஜையில வச்சிடுவோம்.

வாரம் தவறாம ஒரு பத்து ரூபாய் நோட்டு வரும், கருவாட்டு வாசத்தோட. யாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கிட்டது இல்ல. அண்ணாச்சி அதை மட்டும் தனியா ஒருக்கத் தடவிப் பார்த்துட்டு அடுக்குல வைப்பார்.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு அறிவிச்சாங்கல்லா, அடுத்த ஞாயிறு 13-ஆம் தேதி. பையைத் தூக்க முடியல! எல்லாம் ஐநூறு, ஆயிரம். அண்ணாச்சி கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிட்டு, "இம்புட்டு விசுவாசம் இத்தனை நாளா எங்க ஒளிஞ்சு கிடந்துச்சு?"ன்னு கேட்டார். அதுக்கு அப்புறம் 2023 மே மாசம் ரெண்டாயிரம் நோட்டைத் திரும்ப வாங்கிக்கிடுறோம்னு சொன்னப்பவும் சபையில எழுப்புதல் வந்துச்சுன்னு கேள்வி. நான் அப்பக் கமிட்டியில இல்ல.

விதவை போட்ட ரெண்டு காசு கதையை இந்த மேஜையில இருந்து பார்த்தா வேற மாதிரி தெரியும். மாற்கு 12. எல்லாப் பிரசங்கத்துலயும் அந்த அம்மாவைத்தான் மாதிரியாக் காட்டுவாங்க. தப்பில்ல. ஆனா அதுக்கு நேர் முந்தின வசனம் என்ன? விதவைகளோட வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பத்தி இயேசு எச்சரிக்கிறார். அடுத்த காட்சியில ஒரு விதவை வந்து கடைசிக் காசையும் பெட்டியில போட்டுட்டுப் போறா. அதுக்கு அடுத்தது? இந்த ஆலயத்துல ஒரு கல்லு மேல ஒரு கல்லு மிஞ்சாதுங்கிறார். மூணையும் சேர்த்து வாசிச்சா, அந்த அம்மாவைப் பாராட்டினாரா, இல்ல அவ ஜீவனத்தையே வாங்கிக்கிட்ட இடத்தைப் பார்த்து வயிறெரிஞ்சாரான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. ரெண்டும்னு வச்சுக்கிடுவோம். பத்து ரூபாய் போட்ட கருவாட்டுக்கார அம்மாவை மாதிரியாக் காட்டுறதுக்கு முன்னால, அந்தப் பத்து ரூபாய் எங்க போகுதுன்னு காட்டுங்க. அவ்வளவுதான் நான் கேக்கிறது.

எரிச்சலையே எழுதிட்டு இருந்தா எப்படி. அறுப்பின் பண்டிகை ஏலம் பத்திச் சொல்றேன்.

நம்ம சபைகள்ல நடக்கிறதுலயே சுத்தமான சந்தோஷம் அதுதான். பூசணிக்காய், வாழைத்தார், கருப்பட்டிக் கொட்டான், காலைக் கட்டின சேவல், முதல் முதலாக் காய்ச்ச முருங்கைக்காய், முறுக்குச் சட்டி, அவிச்ச முட்டை. கோயில் முத்தத்துல பெஞ்சைப் போட்டு ஒரு நல்ல வாயாடி அண்ணன் ஏறி நிப்பார். "ஒருதரம்... ரெண்டுதரம்... என்ன மாப்ளே, துபாய்ல இருந்து இதுக்கா வந்த?" அவ்வளவுதான், மாப்பிள்ளை மானப் பிரச்சனையில மாட்டிக்கிடுவார். மச்சினன் ஏத்துவான். சந்தையில நாப்பது ரூபாய்க்குப் போற பூசணி ரெண்டாயிரத்துல நிக்கும். எடுத்தவர் "இதை மறுபடி ஏலம் விடுங்க"ன்னு திருப்பிக் குடுப்பார். ஒரே பூசணிக்காய் நாலு பேருக்கு வித்து, கடைசியில சபை குரு வீட்டுச் சாம்பார்ல போய் விழும்.

அங்க யாரும் பத்து சதவீதம் கணக்குப் பார்க்கிறதில்ல. சிரிச்சுக்கிட்டே குடுக்கிறாங்க. பவுல் கொரிந்தியருக்கு எழுதினப்ப உற்சாகமாக் குடுக்கிறவனைத்தான் தேவனுக்குப் பிடிக்கும்னு எழுதினாரே, அதை எனக்குக் கண்ணுல காட்டினது எந்த கன்வென்ஷனும் இல்ல, அந்த வாயாடி அண்ணன்தான்.

ஏலத்துல ஒரு நல்லது, ரெண்டு முட்டை கொண்டு வந்த பாட்டிக்கும் அதே மைக், அதே கைத்தட்டல். ஒரு கெட்டது, கையில காசு இல்லாத வீட்டுக்காரங்க பின்னால போய் மரத்தடியில நின்னுக்கிடுவாங்க. நல்ல ஏலக்காரர் அவங்க பக்கம் திரும்பவே மாட்டார். அது ஒரு கலை.

பேரு வாசிக்கிறது மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. ஸ்தோத்திரப் பண்டிகை முடிஞ்சு, இன்னார் குடும்பம் பத்தாயிரம், இன்னார் குடும்பம் ஐயாயிரம்னு ஆரம்பிச்சு, நூறு ரூபாய்க்கு வரும்போது மைக் குரல் தானா இறங்கும் பாருங்க. வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னவரோட கோயில்ல இது! எங்க கோயில்ல ஃபேன் இறக்கையில கூட உபயம் செஞ்சவர் பேரு எழுதியிருக்கு. கரண்ட் போனாத்தான் வாசிக்க முடியும். மின்வெட்டு நேரத்துல அவரைத்தான் எல்லாரும் நினைச்சுக்கிடுறோம்.

என் சொந்தக் கதையையும் சொல்லணும்ல.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல மாசக் கடைசியில மிஞ்சுறதைக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். மாசக் கடைசியில என்ன மிஞ்சும்? மளிகைச் சீட்டு மிஞ்சும். அப்புறம் சம்பளம் வந்த அன்னைக்கே கவர்ல எடுத்து வைக்க ஆரம்பிச்சேன். உடனே வீட்டுல அடுத்த பஞ்சாயத்து. பத்துல ஒண்ணுன்னா எதுல பத்துல ஒண்ணு? பிடித்தத்துக்கு முன்னாலயா பின்னாலயா? எங்க வீட்டுல இவங்க அக்கவுண்ட்ஸ்காரங்க. "பி.எஃப். நாளைக்குத் திரும்பி வரும், அப்பக் குடுக்கலாம். வருமான வரி திரும்பியே வராது, அதுக்கு எதுக்குக் குடுக்கணும்?"னு பேப்பர்ல கட்டம் போட்டுக் காட்டினாங்க. நான் ஐயாகிட்டயே போய்க் கேட்டேன். அவங்க சிரிச்சிட்டு, "ஆண்டவர் உங்ககிட்ட ஃபார்ம் 16 கேக்கலம்மா"ன்னுட்டாங்க.

அப்புறம் கொஞ்ச காலம் பேங்க்ல சொல்லி மாசாமாசம் தானாப் போற மாதிரி வச்சேன். சௌகரியம்தான். ஆனா வீட்டுக் கடன் தவணையும் அஞ்சாம் தேதி, காணிக்கையும் அஞ்சாம் தேதி. ரெண்டு மெசேஜும் அடுத்தடுத்து டிங் டிங்னு வரும். ரெண்டையும் ஒரே எரிச்சலோட தள்ளி விட்டுடுவேன். இது சரிப்படாதுன்னு நிறுத்திட்டேன்.

இப்ப ஒரு வழி வச்சிருக்கேன். சங்கமும் ஞாயிறு காணிக்கையும் சபைக்கு. மிச்சத்தை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வைக்கிறேன். யாராவது பிள்ளைக்கு ஹாஸ்டல் ஃபீஸ், யாராவது வீட்டுல மருந்து. இதை எல்லாம் தசமபாகக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு ஒரு பெரியவர் என்கிட்டச் சண்டைக்கே வந்துட்டார், பண்டசாலைன்னா சபைதானாம். மூணாவது வருஷத்துக்கு மட்டும் உபாகமம் வேற மாதிரி சொல்லுதே மாமான்னேன். "நீ ரொம்ப வாசிக்கே"ன்னுட்டுப் போயிட்டார்.

எங்க அம்மா காலத்துல இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. பிடியரிசி. உலையில அரிசி போடும்போது ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில போட்டுடுவாங்க. வாரக் கடைசியில பெண்கள் சங்கத்துக்காரங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க. கையில ஒரு பைசா இல்லாத வீட்டுக்காரிக்கும், புருஷன்கிட்டக் கேக்காமலே, குடுக்கிறதுக்கு ஒண்ணு இருந்துச்சு. இதோட அருமை ஆம்பிளைகளுக்குப் புரியாது.

மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில இதே பிடியரிசியைப் பெண்கள் 1910-ல ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் நடக்குது, வருஷத்துக்குக் கோடிக்கணக்குல சேருது. அவங்க மிஷனெரிகளை அனுப்புற பணத்துல அந்த அரிசிப் பானைக்கும் பங்கு இருக்கு. நம்ம ஊர்ல பல இடத்துல பானை போய் கவர் வந்துடுச்சு.

நம்ம ஊரும் சும்மா இருந்ததில்ல. வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல திருநெல்வேலியில இந்திய மிஷனெரிச் சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவர். வெள்ளைக்காரன் பணத்தை எதிர்பார்க்காம, பனையேறிகளும் விவசாயிகளும் போட்ட காசுல தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பின சங்கம். அவர் பின்னால தோர்ணக்கல் பேராயர் ஆனார். அங்க இருந்த சபையார்ல பெரும்பாலானவங்க அன்றாடங்காய்ச்சிகள். அவங்களையும் குடுக்கப் பழக்கினார், தானியமா, கோழியா, முட்டையா. காணிக்கையைப் பத்தித் தனியா ஒரு புத்தகமே எழுதியிருக்கார். ஏழையாச்சே, அவன்கிட்டப் போய்க் கேக்கலாமான்னு நினைக்கிறதே அவனைக் குறைச்சு மதிக்கிறதுங்கிறது அவர் கட்சி. எனக்கு இதுல முழுசா ஒப்புதல். ஆனா கேக்கிற ஆளும் அசரியா மாதிரி மாட்டு வண்டியில ஊர் ஊராப் போய் அந்த ஜனங்களோட இருந்த ஆளா இருக்கணும்ல. ஏ.சி. கார்ல இருந்து இறங்கி ஆஸ்பத்திரி பில்லைக் காட்டிப் பயமுறுத்துற ஆளா இருந்தா எப்படி?

இப்பப் புதுசா பெஞ்சுக்குப் பின்னால கியூ.ஆர். கோடு ஒட்டிட்டாங்க. பை வர்ற நேரத்துல இளவட்டங்க ஃபோனைத் தூக்குது. காணிக்கை போடுதா, இன்ஸ்டாகிராம் பார்க்குதான்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். எங்க பின்பெஞ்சுத் தாத்தாவுக்கு இதுல பெரிய வருத்தம். "பை என் பக்கத்துல வரும்போது எதையாவது போடணும்லா, எல்லாம் ஃபோனைக் காட்டினா நான் மட்டும் என்ன பிச்சையா போடுறேன்?"னார். நான் கியூ.ஆர். கட்சிதான். ஏன்னா அதுல போறது நேரா பேங்க் ஸ்டேட்மென்ட்ல நிக்கும். எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது.

அப்போஸ்தலர் 6 ஞாபகம் இருக்கா? எருசலேம் சபையில தினமும் விதவைகளுக்குப் பங்கு குடுக்கும்போது எங்க பக்கத்து விதவைகளை விட்டுட்டீங்கன்னு கிரேக்க மொழி பேசுறவங்க முறுமுறுத்தாங்க. அப்போஸ்தலர் என்ன செஞ்சாங்க? "முறுமுறுக்கிறது பாவம்"னு பிரசங்கம் வச்சாங்களா? சபையைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைப் பொறுக்குங்கன்னாங்க. ஸ்தேவான் அப்படி வந்தவர்தான்.

பவுலைப் பாருங்க. எருசலேம்ல இருக்கிற ஏழைகளுக்காக மக்கெதோனியா, கொரிந்துன்னு ஊர் ஊரா வசூல் பண்றார். வாரத்தின் முதல் நாள்ல அவங்கவங்க வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொன்னார். ஆனா பணத்தைத் தான் ஒருத்தராத் தனியாத் தூக்கிட்டுப் போகல. நீங்க யாரை நம்புறீங்களோ அவங்க கையில கடிதத்தோட அனுப்புறேன்னார். ரெண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்துல இன்னும் தெளிவா, இவ்வளவு பெரிய தொகை, எங்களை ஒருத்தரும் குறை சொல்லிடக் கூடாது, அதான் தீத்துவோட எல்லாச் சபையும் மதிக்கிற இன்னொரு சகோதரரையும் அனுப்புறோம்னு எழுதுறார். கர்த்தருக்கு முன்னால மட்டும் யோக்கியமா இருந்தாப் போதாது, மனுஷங்களுக்கு முன்னாலயும் இருக்கணுமாம். எழுதுறது யாரு? பவுல்! அவர் மேலயே யாருக்கும் சந்தேகம் வந்துடக் கூடாதுன்னு அவரே ஏற்பாடு பண்றார். நம்ம ஆட்கள்கிட்டக் கணக்குக் கேட்டா, "அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடாதே"ங்கிறாங்க.

நாங்க கமிட்டியில இருந்தப்ப இதுல ஒண்ணு செஞ்சோம். சும்மா வருஷத்துக்கு ஒருக்க பொதுக்கூட்டத்துல வேகவேகமா வாசிச்சு, "அங்கீகரிக்கிறவங்க கை தூக்குங்க"ன்னு முடிக்கிற கணக்கு இல்ல. மாசாமாசம் ஒரு தாள், நோட்டீஸ் போர்டுல, வரவு இடது பக்கம், செலவு வலது பக்கம். சில்லறைச் செலவு வரைக்கும். போஸ்ட் மாஸ்டர் அண்ணாச்சி கையெழுத்து, முத்து மாதிரி. கமிட்டியில ரெண்டு பேருக்கு இது பிடிக்கவே இல்ல. "தேவையில்லாத வம்பை வாசல்ல ஒட்டுறீங்க"ன்னாங்க.

வம்பு வரத்தான் செஞ்சுது. பீடத்துல வைக்கிற பூவுக்கு இவ்வளவான்னு ஒருத்தி கேட்டா. அடுத்த வாரம் அவ வீட்டுச் செடியில இருந்தே கொண்டாந்து வச்சா. ஜெனரேட்டர் டீசல் கணக்கைப் பார்த்துட்டு ஒரு எலெக்ட்ரீசியன் தம்பி, தேவையில்லாம ஓடுற லைன் எதுன்னு கண்டுபிடிச்சு வெட்டி விட்டான். ஏழைப் பிள்ளைகள் படிப்பு நிதியில எவ்வளவு கிடக்குன்னு பார்த்துட்டு, யாருக்குமே தெரியாம இருந்த ஒரு குடும்பம் மெதுவா வந்து ஐயாகிட்ட விண்ணப்பம் குடுத்தது. காணிக்கை கூடிச்சா குறைஞ்சுதான்னு கேக்கிறீங்க. கூடத்தான் செஞ்சுது, ஆனா பெருசா இல்ல. அதைக் காட்டி ஜம்பம் அடிக்க மாட்டேன்.

ஒருநாள் ஒரு தாத்தா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை வச்சு ஒவ்வொரு வரியா வாசிச்சிட்டு இருந்தார். ஒரு வரியில விரல் நின்னுடுச்சு. "கமிட்டிக் கூட்டம், டீ, வடை - 1,840."

"ஏ பிள்ளே, எத்தனை பேரு நீங்க?"

பதினொரு பேரு தாத்தா.

"பதினொரு பேரு ஒரு மாசத்துல இம்புட்டு வடையா தின்னீங்க?"

மூணு கூட்டம் தாத்தான்னு இழுத்தேன். அவர் ஒண்ணும் சொல்லல. விரலை எடுத்து அடுத்த வரிக்குப் போயிட்டார்.

அண்ணாச்சி அடுத்த கூட்டத்துக்கு வடையும் சொல்லல, டீயும் சொல்லல. மேஜையில ஒரு ஜாடித் தண்ணி, பதினொரு டம்ளர். வழக்கமா ராத்திரி ஒன்பது வரைக்கும் இழுக்கிற கூட்டம் அரை மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு.